பழனி: மலைக்கு வடக்கு வாசல்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளைத்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது ஒரு மலைத்தொடர். அதற்குப் பழனி மலைகள் என்று பெயர். ஊரின் பெயரைத்தான் மலை சுமக்கிறது. ஆனால் அந்த மலைக்குச் சுற்றுலா போகிறவர்களில் பெரும்பாலோர் பழனிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கொடை ரோட்டில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக ஏறி, கொடைக்கானலில் அறை எடுத்துத் தங்கி, வந்த வழியே இறங்கிவிடுகிறார்கள்.

பழனிக்கு வருகிறவர்கள் வேறு கூட்டம். முடி காணிக்கை, மலைக்கோயிலில் தரிசனம், கையில் ஒரு பஞ்சாமிர்த டப்பா, அடுத்த பஸ். தெற்கே வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் மலையை அண்ணாந்து பார்த்து, "அதோ கொடைக்கானல்" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதோடு சரி.

இந்த இரண்டு பயணமும் ஒன்றாக ஆக முடியும். பழனியில் இரண்டு மூன்று ராத்திரி தங்கத் தயாராக இருக்கும் குடும்பத்துக்கு மலையும் கிடைக்கும், மலையடிவாரமும் கிடைக்கும். அந்த அடிவாரத்தில் பார்க்க இருப்பவை தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாதவை.

வடக்கு வாசல் ஏன் மறந்துபோனது என்பதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. கொடைக்கானலை வசிப்பிடமாக்கியவர்கள் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள். சமவெளியின் வெயிலும் நோயும் தாங்காமல் 1845-ல் மேலே இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். மதுரையிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரியகுளம் பக்கம்தான் அருகில். ஆட்கள் சுமந்த டோலியிலும் குதிரையிலும் அந்தச் செங்குத்துப் பாதையில் ஏறினார்கள். 1875-ல் தெற்கே போகும் ரயில் பாதை அம்மையநாயக்கனூரைத் தொட்டது; அந்த நிலையம்தான் கொடைக்கானல் ரோடு. பிறகு வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலை வந்தது. மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863-ல் ஏரியை உருவாக்கியதும், கோடை வாசத்துக்கு வந்தவர்கள் வீடு கட்டியதும் எல்லாம் தெற்கு வாசல் வழியாகவே நடந்தன. பழனிப் பக்கத்தில் ஆங்கிலேயருக்கு வேலை இல்லை. அங்கே வந்தவர்கள் காவடி தூக்கியவர்கள்.

பழனிக்குப் போய்ச் சேருவது எளிது. திண்டுக்கல்லிலிருந்து மேற்கே சுமார் 60 கிலோமீட்டர், பொள்ளாச்சியிலிருந்து கிழக்கே ஏறக்குறைய அதே தூரம். கோவையும் மதுரையும் இரண்டரை, மூன்று மணி நேர பஸ் பயணத்தில். திண்டுக்கல்–பொள்ளாச்சி ரயில் பாதை மீட்டர் கேஜிலிருந்து அகலப்பாதையாக மாறிய பிறகு ரயிலும் வசதியாகிவிட்டது. சென்னை சென்ட்ரலில் இரவு பாலக்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால், சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாகக் காலையில் பழனியில் இறங்கலாம். திருவனந்தபுரத்திலிருந்து மதுரை நோக்கி வரும் அமிர்தா எக்ஸ்பிரஸும் இந்தப் பாதையில்தான் போகிறது. அதனால்தான் பழனி அடிவாரத்தில் மலையாளக் குரல் எப்போதும் கேட்கிறது. கடைப் பலகைகளிலும் மலையாள எழுத்து இருக்கிறது. ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் இடையே ரயில் ஜன்னலில் தெற்குப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு மலை கூடவே வரும்.

ஊருக்குள் திரிவதற்குக் கார் தேவையே இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிவாரம் நடை தூரம். ரயில் நிலையம் சற்றுத் தள்ளி. அங்கிருந்து ஆட்டோ உண்டு, குதிரை வண்டி உண்டு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் மறைந்துபோன குதிரை வண்டி பழனியில் இன்னும் ஓடுகிறது. ஏறும்போதே கூலியைப் பேசிவிடுவது நல்லது. கோயில் மலையைச் சுற்றியுள்ள கிரிவீதியில் தனியார் வாகனங்கள் போகக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி 2024-ல் தடை வந்தது. அதன் பிறகு தேவஸ்தானமே பேட்டரி கார்களையும் பஸ்களையும் கட்டணமில்லாமல் இயக்குகிறது. முன்பு ஹாரன் சத்தமும் நெரிசலுமாக இருந்த வீதியில் இன்று வயதானவர்கள் நிம்மதியாகக் கிரிவலம் நடக்கிறார்கள். நீதிமன்ற உத்தரவு ஒன்று ஊரின் முகத்தையே மாற்றியதற்கு இது நல்ல உதாரணம்.

கோயிலுக்கு மேலே ஏற நான்கு வழிகள். 693 படிகள் ஒன்று. சரிவு குறைந்த யானைப்பாதை இன்னொன்று. படியில் ஏறி யானைப்பாதையில் இறங்குவது பழக்கப்பட்டவர்களின் வழக்கம். மேற்குக் கிரிவீதியில் மூன்று வின்ச்சுகள் ஓடுகின்றன; தண்டவாளத்தில் கம்பி வடம் இழுக்க, பெட்டி சரிவில் ஏறும். தெற்குக் கிரிவீதியில் 2004-ல் தொடங்கிய ரோப்கார். சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய் விடும். ஆனால் பலத்த காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள். மாதம் ஒரு நாளும், வருடத்துக்கு ஒருமுறை பல நாட்களும் பராமரிப்புக்காக நிற்கும். ஆடிக் காற்றுக் காலத்தில் ரோப்காரை மட்டும் நம்பி முதியவர்களைக் கூட்டிவருவது சரிப்படாது. வின்ச்சையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். 2023 அக்டோபர் முதல் மேலே செல்போன், கேமராவுக்குத் தடை. அடிவாரத்திலேயே ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. "சீக்கிரம் தரிசனம் செய்து வைக்கிறேன்" என்று அடிவாரத்தில் கூடவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டணச் சீட்டு, பொது வரிசை, மொட்டை, அன்னதானம் எல்லாவற்றுக்கும் தேவஸ்தானத்தின் கவுன்டர்கள் இருக்கின்றன. முடி காணிக்கைக்கு 2021 முதல் தமிழகக் கோயில்களில் கட்டணம் இல்லை. அன்னதானம் 2012-லிருந்து பகல் முழுக்க நடக்கிறது. நடுவில் யாரும் தேவையில்லை.

போன் இல்லாமல் மேலே நிற்பதில் ஒரு லாபமும் உண்டு. கண் வேலை செய்யும். தரிசனம் முடிந்து வெளிப்பிராகாரத்தில் தெற்குப் பக்கம் போய் நின்றால், கீழே இடும்பன் மலை, அதற்கப்பால் வயல்களும் தென்னந்தோப்புகளும், அவற்றுக்குப் பின்னால் மலைத்தொடர் மொத்தமும் தெரியும். காலை ஏழு மணிக்குள் வந்தால் மலைமுகட்டில் மேகம் தங்கியிருப்பதைப் பார்க்கலாம். வெயில் ஏற ஏற மேகம் விலகி, மடிப்புகள் ஒவ்வொன்றாகத் துலங்கும். அங்கேதான் கொடைக்கானல் இருக்கிறது. 64 கிலோமீட்டர் சாலை அந்த மடிப்புகளுக்குள்தான் சுற்றிச் சுற்றி ஏறுகிறது.

மலைக்கும் கோயிலுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள ஒரு கரண்டி பஞ்சாமிர்தம் போதும். அதன் உயிர் விருப்பாச்சி வாழைப்பழம். மலைச் சரிவில், மானாவாரியாக, காப்பிச் செடிகளுக்கு நடுவே வளர்கிற மலை வாழை இது. தண்ணீர்ச் சத்து குறைவு; அதனால்தான் சர்க்கரையும் தேனும் நெய்யும் பேரீச்சம்பழமும் கற்கண்டும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்தால் பஞ்சாமிர்தம் நீர்த்துப்போகாமல், சீக்கிரம் கெடாமல் நிற்கிறது. சமவெளிப் பழத்தில் இந்தக் கெட்டித்தன்மை வராது. விருப்பாச்சி மலை வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் கிடைத்தது. ஆனால் முடிக்கொத்து நோய் என்ற வைரஸ் நோய் கீழ்ப்பழனி மலையின் வாழைத் தோட்டங்களைப் பல பத்தாண்டுகளாக அரித்துவிட்டது. குருத்து இலைகள் நீளாமல் கொத்தாகச் சுருங்கி, மரம் குலை தள்ளாமலே நின்றுவிடும். நோயில்லாத கன்றுகளைத் திசு வளர்ப்பில் உருவாக்கி மீண்டும் நடும் முயற்சிகள் நடக்கின்றன. பஞ்சாமிர்தத்தைச் சுவைக்கிற ஒவ்வொருவருக்கும் இந்த மலை விவசாயிகளின் நிலைமை தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் கொடைக்கானல். சொந்தக் காரிலோ வாடகை வேனிலோ போகிறவர்கள் முதலில் இ-பாஸ் எடுக்க வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் எத்தனை வண்டிகள் போகின்றன என்ற கணக்கே இல்லாமல் மலை திணறியதால், சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு 2024 மே 7 முதல் இந்த முறை வந்தது. 2025 ஏப்ரலில் உச்சவரம்பும் வந்தது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பழனி பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ் ஏறிச் சீட்டு வாங்கினால் முடிந்தது. விதிகள் சீசனுக்குச் சீசன் மாறுவதால் காரில் போகிறவர்கள் கிளம்பும் முன் அரசு இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பஸ்ஸில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஊரை விட்டு வெளியேறியதும் வரதமாநதி அணை வந்துவிடும். மலை சூழ்ந்த சிறிய அணை. நிரம்பி வழிகிற மாதங்களில் பழனிக்காரர்கள் சாயங்காலம் குடும்பத்தோடு வந்து நிற்கிற இடம். அதைத் தாண்டியதும் ஏற்றம். முதலில் புளியும் முள்ளும் நிறைந்த வறண்ட காடு. இங்கே யானை நடமாட்டம் உண்டு, அதனால் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. சவரிக்காடு தாண்டும்போது காற்றில் ஈரம் ஏறும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கும், அதன் நிழலில் காப்பி, இடையிடையே வாழை. வடகவுஞ்சிப் பக்கம் போகும்போது ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் குரல் கேட்கும். சுமார் ஆயிரம் அடி உயரத்தில் கிளம்பிய பஸ், ஏழாயிரம் அடியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. புதர்க்காட்டிலிருந்து சோலைக்காடு வரை ஒரே டிக்கெட்டில் இத்தனை வகைக் காட்டைக் காட்டும் பஸ் தடங்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. வத்தலக்குண்டுச் சாலையை விட இதில் போக்குவரத்தும் குறைவு.

பெருமாள்மலையில் இரண்டு சாலைகளும் சேர்கின்றன. அங்கிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சி, செண்பகனூர் வழியாகக் கொடைக்கானல் வரைக்கும் எல்லா வண்டிக்கும் ஒரே சாலைதான். மே மாதத்திலும் தொடர் விடுமுறைகளிலும் இந்தக் கடைசிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பொறுமையைச் சோதிக்கும். பழனி வழியாக வந்தவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. விடியற்காலை பஸ்ஸைப் பிடிப்பதுதான் இதற்கு மருந்து.

ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் பேராசைப்படக் கூடாது. குணா குகை, தூண் பாறை, பைன் காடு, மோயர் முனை என்று டாக்சிக்காரர்கள் கூட்டிப்போகும் சுற்றை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடலாம். 1991-ல் வந்த 'குணா' படமும் 2024-ல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படமும் அந்தக் குகைப் பக்கம் சேர்த்த கூட்டத்தில் பாதி நேரம் வண்டி நிறுத்துமிடம் தேடுவதிலேயே போய்விடும். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே பார்க்கக்கூடியவை போதுமான அளவு இருக்கின்றன. 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் அமைத்த கோக்கர்ஸ் வாக், மலையின் தெற்கு விளிம்பில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் போகும் நடைபாதை. மேகம் இல்லாத காலையில் பெரியகுளம் பக்கச் சமவெளி காலடியில் விரிந்து கிடக்கும். அங்கிருந்து இறங்கினால் 1908-ல் உருவான பிரையன்ட் பூங்கா, அதை ஒட்டியே ஏரி. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர். வாடகை சைக்கிளும் கிடைக்கும். நடப்பவர்களுக்கு ஒன்றரை மணி நேரம். படகுத்துறைப் பக்கம்தான் நெரிசல். எதிர்க்கரையில் வேலைநாட்களில் காற்றுச் சத்தம் கேட்கும். ஊருக்குள்ளேயே காட்டுமாடு நடமாடும். பெரிய உடம்பும் அமைதியான முகமுமாக நிற்பதைப் பார்த்து செல்ஃபி எடுக்கக் கிட்டே போய்க் குத்துப்பட்டவர்கள் உண்டு. தள்ளி நின்று பார்க்க வேண்டிய விலங்கு அது.

பழனியிலிருந்து போனவர்கள் தவறவிடக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, மலையின் வடக்கு விளிம்பில் குறிஞ்சி ஆண்டவர் கோயில். இலங்கைத் தமிழர் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, இந்து சமயத்தைத் தழுவிய ஐரோப்பியப் பெண்மணி லீலாவதி இராமநாதன் 1936-ல் எழுப்பியது. இன்று இதைப் பழனி தேவஸ்தானம் நிர்வகிக்கிறது. கோயிலுக்குப் பக்கத்தில் நின்றால் வடக்கே, ஆழத்தில், சமவெளிக்கு நடுவே பழனி மலைக்கோயில் தெரியும். முந்தைய நாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்த இடத்திலிருந்து இப்போது கீழே பார்க்கிறோம் என்பது பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டுவிடும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி இந்தப் பகுதியில் 2018-ல் பூத்தது, அடுத்தது 2030.

மேலே ஒரு ராத்திரி தங்க முடிகிறவர்கள் பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் போகலாம். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேல்மலைக் கிராமங்களுக்கு அரசு பஸ் உண்டு. படிக்கட்டு வயல்களின் நடுவே ஓட்டு வீடுகள் அடுக்கடுக்காக இருக்கும் பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில். அந்தச் சிலையும் பழனிச் சிலையைப் போலவே சித்தர் போகர் செய்த நவபாஷாணம் என்பது ஐதீகம். அந்தக் கோயிலும் பழனியின் உபகோயில்தான். கோயில் வாசலில் விற்கும் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. காரம் தூக்கலாக, மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆட்டுப் பண்ணையும் புல்வெளியும் ஏரியும். பேரிஜம் ஏரிக்குப் போக மட்டும் வனத்துறை அனுமதி வேண்டும்; அனுமதிக்கும் வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. இந்தக் காடுகளில் பெரும்பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம், 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை. வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் கொண்டுபோவது நல்லது.

மூன்றாவது நாளை அடிவாரத்துக்கு ஒதுக்கலாம். பழனியை மையமாக வைத்துத் தங்குவதன் முழுப் பலன் இங்கேதான் இருக்கிறது. கொடைக்கானலில் அறை எடுத்தவர்களுக்கு இது கைக்கு எட்டாது.

பழனிக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில் ஐவர்மலை. தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணக் குன்று. ஏறிப் போனால் நீண்ட குகைத் தாழ்வாரம். மேலே பாறை நெற்றியில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே ஒரு கல்வெட்டு. சாந்திவீரக் குரவர் என்ற சமணத் துறவி பார்சுவநாதர் படிமத்தையும் இயக்கியர் படிமங்களையும் புதுப்பித்து, வழிபாட்டுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்கும் 505 பொற்காசு கொடுத்ததைச் சொல்கிறது. அதில் சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, பாண்டியன் வரகுணனின் எட்டாவது ஆட்சியாண்டு என்று இரண்டு கணக்கும் சேர்ந்து வருகிறது. இந்த ஒரு கல்வெட்டை வைத்துத்தான் இரண்டாம் வரகுணன் அரியணை ஏறியது 862 என்று வரலாற்றாசிரியர்கள் உறுதி செய்தார்கள். பாண்டியர் கால வரிசைக்கே அடித்தளமான கல்வெட்டு இருக்கும் குன்றில் வார நாளில் பத்துப் பேரைப் பார்த்தால் அதிகம். ஆடி அமாவாசைக்கு மட்டும் கூட்டம் கூடும்.

தென்மேற்கே, மலையின் காலடியில், பாலாறு–பொருந்தலாறு அணைக்குப் பக்கத்தில் பொருந்தல். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. ராஜன் 2009-லும் அதை அடுத்தும் இங்கே அகழாய்வு செய்தார். ஒரு பெருங்கற்கால ஈமக்குழியில், நான்கு கால் வைத்த சாடி ஒன்றுக்குள் சுமார் இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அதே குழியில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பிரிமனையும் இருந்தது. நெல்மணியை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிக் காலம் பார்த்ததில் கி.மு. 490 என்று முடிவு வந்தது. தமிழ் எழுத்தின் தொன்மையைப் பற்றிய விவாதத்தில் கீழடிக்கு முன்பே பேசப்பட்ட பெயர் பொருந்தல். வாழ்விடப் பகுதியில் கண்ணாடி மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. கேரளக் கடற்கரையையும் மதுரையையும் இணைத்த பழைய வணிகப் பாதையில் இருந்த ஊர். சங்கப் புலவர்கள் பாடிய வையாவிக் கோப்பெரும் பேகனின் நாடும் இதுதான். மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே பேகன். இன்று தோண்டிய குழிகள் மூடப்பட்டு, வயல்தான் தெரியும். இருந்தாலும் வரலாற்றில் ஆர்வமுள்ள பிள்ளைகளை அந்த மண்ணில் கொண்டுவந்து நிறுத்துவதற்கு அர்த்தம் இருக்கிறது.

கிழக்கே போனால் ஆயக்குடியில் கொய்யா. பறித்த சூட்டில் கூடை கூடையாகச் சாலையோரத்தில் வைத்திருப்பார்கள். இன்னும் கிழக்கே விருப்பாச்சி. வாழைக்குப் பெயர் கொடுத்த ஊர். சிவகங்கையை இழந்த வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்து, பின்னர் ஆங்கிலேயரை எதிர்த்து 1801-ல் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஊர் இது. அவருக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது. பக்கத்தில் தலையூத்து அருவி. மழைக்காலத்தில் மட்டும் நம்பிப் போகலாம். ஒட்டன்சத்திரத்தில் கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் பெரிய மார்க்கெட் பார்க்க வேண்டிய ஒன்று. அங்கிருந்து பரப்பலாறு அணை, வடகாடு வழியாகப் பாச்சலூருக்கு இன்னொரு மலைச்சாலை ஏறுகிறது. ஓட்டல்களும் காட்சி முனைகளும் இல்லாத மலை. காப்பியும் மிளகும் பலாவும் மட்டும். கீழ்மலையின் அசல் முகத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்தச் சாலை பிடிக்கும். மேற்கே உடுமலை வரை போக நேரம் இருப்பவர்கள் திருமூர்த்தி மலையையும் அமராவதி அணை முதலைப் பண்ணையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு டவுன் பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. காலையில் பஸ் ஸ்டாண்டிலேயே திரும்பும் பஸ் நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்வது உத்தமம். நான்கைந்து பேர் சேர்ந்தால் ஐவர்மலை, பொருந்தல், வரதமாநதி மூன்றையும் ஒரே ஆட்டோவில் அரை நாளில் பார்த்துவிடலாம்.

எப்போது வருவது என்பதுதான் பாக்கி. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனி வேறு ஊராக மாறிவிடும். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் நூற்றாண்டுகளாகக் காவடியோடு நடந்து வருகிறார்கள். சேலம் மாவட்டத்து எடப்பாடி பக்தர்கள் தங்கள் பஞ்சாமிர்தத்தைத் தாங்களே மலைமேல் செய்து, அன்றிரவு அங்கேயே தங்குகிறார்கள். திண்டுக்கல் சாலையோரம் பாதயாத்திரைக்காரர்களுக்கென்றே நடைபாதை போட்டிருக்கிறார்கள். அந்தத் திருவிழாக் கூட்டத்தைப் பார்க்கவே வர வேண்டும், ஆனால் சுற்றிப் பார்க்கும் எண்ணத்தோடு அந்த நாட்களில் வரக் கூடாது. அறையும் கிடைக்காது, பஸ்ஸில் இடமும் கிடைக்காது. சித்திரை கடைசி ஏழு நாளும் வைகாசி முதல் ஏழு நாளும் அக்கினி நட்சத்திரக் கிரிவலம். பெண்கள் கடம்ப மலர் சூடி விடியலிலும் மாலையிலும் சுற்றி வருவார்கள். பகல் வெயில் கடுமை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மலைச்சாலையில் மண் சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து நிற்பதுண்டு. மார்கழி பிறந்த பிறகும் தைப்பூசக் கூட்டம் தொடங்கும் முன்பும் உள்ள வார நாட்கள், அல்லது ஆவணி, புரட்டாசியின் வேலைநாட்கள், மலைக்கும் அடிவாரத்துக்கும் ஒருசேர ஏற்றவை.

கொடைக்கானலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் வாகனச் சுமையைக் குறைக்க நீதிமன்றமும் அரசும் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துப் பார்க்கின்றன. பயணிகளைக் கீழே தங்கவைத்து, பஸ்ஸில் மேலே அனுப்பும் ஏற்பாடு அதற்குத் துணையாக இருக்கும். பழனியில் அதற்கான விடுதிகளும் ரயிலும் சாப்பாட்டுக் கடைகளும் ஏற்கெனவே இருக்கின்றன. சுற்றுலாத் துறை செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: பழனி பஸ் ஸ்டாண்டில் மலைப் பஸ்களின் நேரத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் பெரிதாக எழுதி வைக்கட்டும், ஐவர்மலைக் கல்வெட்டுக்கும் பொருந்தலுக்கும் விளக்கப் பலகை வைக்கட்டும், சனி, ஞாயிறுகளில் அடிவாரத்தைச் சுற்றி ஒரு பஸ் விடட்டும். அதுவரை காத்திருக்காமல், அடுத்த முறை பழனிக்கு டிக்கெட் எடுக்கும்போது திரும்புகிற தேதியை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.